மயக்கம் தெளியும் அறையில் சூரகான்

சூரகானின் போனைத் தரை துடைக்கும் வாளியில் போட்டவள் நான்தான். தவறி விழவில்லை, வேண்டுமென்றே போட்டேன். அவள் மகன் எலமான் சைபீரியாவில் கட்டட வேலையில் சாரம் சரிந்து செத்துப்போன சேதி ஞாயிற்றுக்கிழமையே ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பெற்றவளுக்கு மட்டும் தெரியாது. உடல் வியாழக்கிழமைதான் வந்து சேரும், அதுவரை அவள் காதில் விழக்கூடாது என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடிவு செய்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலையில் அவள் வேலைக்கு வந்ததும், "மணி பாக்கணும், போனைக் குடுடி" என்று வாங்கி, கை நழுவியதுபோல் விட்டுவிட்டேன்.

"ஐயையோ அக்கா! கையில என்ன வெண்ணெயா தடவிட்டு வந்தீங்க?" என்று அலறிக்கொண்டே அவள் முழங்கை வரைக்கும் வாளிக்குள் விட்டுத் துழாவினாள். "அந்தப் பய வாங்கி அனுப்புனது அக்கா. நேத்து ஞாயித்துக்கிழமை, அவன் கூப்புடவே இல்ல. ஓவர்டைம் போல. இன்னிக்குக் கூப்புடுவான்னு இருந்தேன், இப்பப் பாத்து..."

"சும்மா ஒப்பாரி வைக்காதே. என் தங்கச்சி மவன் போன் கடைதானே வச்சிருக்கான். சரி பண்ணித் தரச் சொல்றேன்."

"எப்பத் தருவான்?"

"வியாழக்கிழமை" என்றேன். சொன்ன வாயில் புழு விழ வேண்டாமா? விழவில்லை. மனுஷியின் வாய் எதையும் சொல்லும்.

எங்கள் மலைநாட்டுப் பக்கத்தில் சாவுச் சேதியை ஒரு தாயிடம் யார் வேண்டுமானாலும் போகிற போக்கில் சொல்லிவிட முடியாது. அதற்கென்று ஒரு ஆள், ஒரு நாள், ஒரு முறை இருக்கிறது. குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் நாலு பெரியவர்களோடு வீட்டுக்கு வருவார். இரண்டு பக்கமும் பெண்கள் வந்து தாங்கிக்கொள்ள நிற்பார்கள். அப்புறம்தான் வாயைத் திறப்பார். அதற்கு முன்னால் தெரிந்துவிட்டால் சொல்லாமல் விட்டவர்களுக்குக் கேவலம், சொன்னவனுக்குப் பாவம். அதனால் நான்கு நாள் ஒரு ஊரே பொய் சொல்லும். கடைக்காரன் சொல்வான், பால்காரி சொல்வாள், ஆஸ்பத்திரியில் நாங்கள் சொல்வோம். அவள் வேலைக்கு வந்து போகட்டும், அங்கே கலிபா பார்த்துக்கொள்வாள் என்று என் தலையில் கட்டினார்கள். கலிபா என்பது நான். மயக்க மருந்து நர்ஸ், முப்பது வருஷ சர்வீஸ், வாய் கொஞ்சம் அதிகம் என்று ஊரில் பேர்.

சூரகான் எங்கள் ஆஸ்பத்திரியில் ஆயா. ஆபரேஷன் முடிந்தவர்கள் கண் விழிக்கிற அறை அவளுடையது. தூங்கவைப்பது ஜூமாதில் என்ற டாக்டரும் நானும். எழுப்புவது அவள்தான் என்று டாக்டரே கேலியாகச் சொல்வார். கேலியில்லை, உண்மை. மயக்கம் தெளிகிறவன் படத்தில் காட்டுகிற மாதிரி மெதுவாகக் கண்ணைத் திறந்து "நான் எங்கே இருக்கேன்?" என்று கேட்பான் என்று நீங்கள் நினைத்தால், உங்களுக்கு நல்ல மனசு. பாதிப் பேர் சாதுவாகத்தான் எழுவார்கள். மீதிப் பேர் இருக்கிறார்களே! ஊசியைப் பிடுங்கி எறிவார்கள். கட்டிலைவிட்டுக் குதிக்கப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் ஒருவர் பேசிய பேச்சில் என் காதே கூசியது. எச்சிலைக்கூட மரியாதையாகத் துப்புகிற மனுஷர் அவர். ஒரு மேய்ச்சல்காரன் கட்டிலைக் குதிரை என்று நினைத்து இரண்டு காலாலும் விலாவில் உதைத்துக்கொண்டிருந்தான். வயிற்றில் புதுத் தையல். நாங்கள் மூன்று பேர் பிடித்தும் நிற்கவில்லை.

சூரகான் வந்தாள். கடிவாளத்தைப் பிடிப்பதுபோல் கட்டில் கம்பியைப் பிடித்தாள். "எறங்குப்பா, குதிரைக்கு மூச்சு வாங்குது. தண்ணி குடிக்கட்டும்" என்றாள். அவன் உடனே காலை மடக்கிப் படுத்துவிட்டான். குதிரைமேல் இருக்கிற இரக்கம் தன் வயிற்றின்மேல் கிடையாது அந்த ஜென்மத்துக்கு.

அதுதான் அவள் வழி. அவர்கள் யாரைக் கூப்பிடுகிறார்களோ, அவளாக ஆகிவிடுவாள். அம்மாவைக் கூப்பிட்டால் அம்மா, அக்காவைக் கூப்பிட்டால் அக்கா. டாக்டருக்கு இதில் உடன்பாடு கிடையாது. "ஆஸ்பத்திரியில இருக்கீங்க, ஆபரேஷன் முடிஞ்சது, இன்னிக்குத் தேதி இதுன்னு தெளிவாச் சொல்லணும். புத்தகத்துல அப்படித்தான் இருக்கு" என்பார். "சொல்றேன் டாக்டர், கட்டாயம் சொல்றேன். மொதல்ல அந்த ஆளு உதைக்கறத நிறுத்தட்டும்" என்பாள்.

இன்னொன்று. அந்த அறையில் கேட்டதை அவள் வெளியே விடவே மாட்டாள். கல்யாணமான ஆள் வேறொருத்தி பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பான். வெளியே மனைவி, "என்ன சொன்னாரு?" என்று கேட்பாள். "உங்களைத்தான் தேடுனாரு" என்பாள் இவள். நானும் பல தடவை நோண்டிப் பார்த்திருக்கிறேன். டீ போட்டுக் கொடுத்துக்கூடக் கேட்டேன். "அக்கா, அது மருந்து பேசற பேச்சு. அதுக்கு மனுஷன் என்ன பண்ணுவான்?" என்று எழுந்து போய்விட்டாள்.

அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டினவர், கணவாயில் பனிச்சரிவில் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஒரே பிள்ளை எலமான். இருபத்து நாலு வயசு. அவன் அனுப்பிய படத்தில் தொப்பிக்கு மேல் தொப்பி போட்டு, மூக்கு சிவந்து நிற்பான். அதை எல்லோரிடமும் காட்டி, "என் ஆட்டுக்குட்டி எப்படி உறைஞ்சு நிக்குது பாருங்க" என்பாள். காட்டிக் காட்டி எங்களுக்கே அவன் பிள்ளை மாதிரி ஆகிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு இஸ்மனாலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இஸ்மனாலி அவள் கணவரின் அண்ணன். அறுபத்தெட்டு வயசு. வியாழக்கிழமை அவளிடம் சேதியைச் சொல்ல வேண்டியவர் அவர்தான். இழவுக்குக் கூடாரம் போட வேண்டுமே, அதற்காகக் கொட்டகையிலிருந்து கம்பளிச் சுருள்களை யாருக்கும் தெரியாமல் தானே லாரியில் ஏற்றப் பார்த்திருக்கிறார். பழைய குடலிறக்கம் உள்ளவர். தூக்கினதில் குடல் வெளியே வந்து சிக்கிக்கொண்டுவிட்டது. வயிறு கல்லாக இருந்தது. உடனே அறுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

சூரகான் ஓடி வந்தாள். வந்தவள் அவரைப் பார்த்ததும் தலைத்துணியை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாக நின்றாள். எங்கள் பெண்கள் கணவருக்கு மூத்தவர்களின் பேரைச் சொல்வதில்லை, முதுகைக் காட்டுவதில்லை. இருபத்தேழு வருஷமாக அவரை அவள் "மூத்தவரு" என்றுதான் சொல்வாள். அவர் கையை ஒரு தடவைகூடத் தொட்டிருக்கமாட்டாள். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

"அக்கா" என்று என்னை ஓரமாக இழுத்தாள். "மார்ச் மாசம், முழங்கால் அளவு பனி கெடக்கு. இப்ப எதுக்கு மூத்தவரு கூடாரத்த எடுத்தாரு?"

"எலி கடிக்குதாம். வெயில்ல போடலாம்னு எடுத்திருக்காரு."

"எங்க அடிக்குது வெயில்?" என் கண்ணையே பார்த்தாள். "யாராவது செத்துட்டாங்களா?"

நல்லவேளை, டாக்டர் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார். "இங்க ஒருத்தர் சாகக் கெடக்காரு, அங்க என்ன ரெண்டு பேருக்கும் அரட்டை? கலிபா, ஊசியை ஏத்து!"

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கவைத்திருந்தால் வம்பே வந்திருக்காது. குதிரையிலிருந்து விழுந்து உடைந்த பழைய முதுகு அவருடையது, ஊசி இறங்காது. முழுசாகத் தூங்கவைப்பதுதான் வழி. அன்று கையிருப்பில் இருந்த மருந்து தூங்கும்போது ஒரு தொந்தரவும் தராது, எழும்போது கனவோடு எழுப்பும். இது எனக்குத் தெரியும். முப்பது வருஷமாகத் தெரியும். அவளை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். ஆனால் அங்கே அவள் வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் இழவுக்காகப் பனியை வாரிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள், அவள் திரும்புவதற்குள் முடிக்க வேண்டும் என்று. அங்கேயும் அனுப்ப வழியில்லை. அதனால், "சலவைக்குப் போய் நாப்பது விரிப்பையும் வெளுத்துக் காயவச்சு எடுத்துட்டு வா. பாதியோட வந்தே, தோலை உரிச்சுடுவேன்" என்று விரட்டினேன். மத்தியானம் வரை திரும்ப மாட்டாள் என்று கணக்குப் போட்டேன். சலவைக்கூடத்தில் அன்று வெந்நீர் வரவில்லை என்று எனக்கு யார் சொன்னார்கள்?

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. குடல் அழுகவில்லை. டாக்டர் அடுத்த வார்டுக்குப் போனார். நான் பெரியவரை அந்த அறைக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். மனுஷர் திடீரென்று எழுந்து உட்கார்ந்தார். கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. ஊசியை ஒரே இழுப்பில் பிடுங்கினார். சுவரெல்லாம் ரத்தம். "பாத்மா! எங்கடி போயிட்டே? பாத்மா!" என்று கத்தினார். பாத்மா அவர் மனைவி. செத்து நாலு வருஷம் ஆகிறது.

"பெரியப்பா, ஆஸ்பத்திரியில இருக்கீங்க, படுங்க" என்று நான் புத்தகத்தில் உள்ளதைச் சொல்லிக்கொண்டே தோளை அமுக்கினேன். என் மார்பில் ஒரு குத்து விட்டார் பாருங்கள், மூச்சே நின்றுவிட்டது. அமைதிப்படுத்துகிற ஊசி கையில் இருக்கிறது. போடுவதற்கு நரம்பு வேண்டுமே! போட்டிருந்த ஊசி தரையில் கிடக்கிறது. அவர் ஒரு காலைக் கட்டிலுக்கு வெளியே போட்டுவிட்டார்.

கதவைத் தள்ளிக்கொண்டு சூரகான் வந்தாள். கையில் அழுக்கு விரிப்புகள் அப்படியே இருந்தன.

"வெளிய போடி!" என்று கத்தினேன். "நான் பாத்துக்கறேன், போ வெளிய!"

"என்னத்தப் பாத்துக்கறீங்க? தையல் பிச்சுக்கிட்டு வந்துடும்!" விரிப்புகளைக் கீழே போட்டாள். ஒரு நொடி தயங்கினாள். பிறகு தலைத்துணியைக்கூடச் சரி செய்யாமல் அவருடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்தாள்.

"பாத்மாவா?"

"நான்தான். இங்கதான் இருக்கேன்" என்றாள். பாத்மாவின் கடைசிக் காலத்தில் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவள் இவள். அந்தம்மாவுக்கு மூக்கால் இழுத்து இழுத்துப் பேசுகிற குரல். அதே குரலில் பேசினாள். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

"எல்லாரும் சேந்து என் தலையில கட்டிட்டானுங்கடி. நான்தான் சொல்லணுமாம். எந்த வாயால சொல்லுவேன்?"

"பெரியப்பா!" என்று நான் அவர் வாயைப் பொத்தப் போனேன். சூரகான் தோளால் என்னைத் தள்ளினாள். பேச விட்டால்தான் அடங்குவார்கள் என்பது அவள் கண்ட வழி.

"யாருகிட்ட சொல்லணும்?" என்றாள்.

"சூராகிட்ட. நம்ம எலமான் போயிட்டான்டி. சாரம் சரிஞ்சு போயிட்டான். பெட்டியில வச்சு அனுப்பறாங்க. வியாழக்கிழமை வருது. எப்படிச் சொல்லுவேன் பாத்மா? சொல்லு, எப்படிச் சொல்லுவேன்?"

அவர் திமிறி எழுந்தார். பாதி உடம்பு கட்டிலுக்கு வெளியே வந்துவிட்டது. அவள் அப்போது கையை விட்டிருந்தால் அவர் தரையில் விழுந்து வயிறு பிளந்திருக்கும். அவள் விடவில்லை. அவள் முகத்தை நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். அவர் "பாத்மா, பாத்மா" என்று குழந்தைபோல் அழுதார்.

"சொல்லிடுங்க" என்றாள் கடைசியில். அதே மூக்கு இழுக்கிற குரல். "இப்படிக் கெடந்து தவிக்காதீங்க. பக்கத்துல உக்காந்து சொல்லிடுங்க. அவ கேட்டுக்குவா."

"தாங்குவாளா?"

"தாங்குவா."

"நீயும் கூட வர்றியா?"

"வர்றேன். இப்பப் படுங்க. காலை உள்ள எடுங்க. அப்படித்தான்."

படுத்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டே படுத்தார். நான் அவருடைய அந்தக் கையிலேயே நரம்பைத் தேடி ஊசியை ஏற்றினேன். இரண்டு தடவை தவறியது. முப்பது வருஷத்தில் அப்படித் தவறியதில்லை. அவர் தூங்கிய பிறகும் கால் மணி நேரம் அவள் கையை எடுக்கவில்லை. அப்புறம் எழுந்து போய்த் துணியை நனைத்துக்கொண்டு வந்து சுவரில் இருந்த ரத்தத்தைத் துடைத்தாள். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"சூரா..." என்றேன்.

திரும்பி வந்து ஈரக் கையால் என் வாயைப் பொத்தினாள். "பேசாதீங்க அக்கா. இங்க பேசுனது இங்கயே இருக்கட்டும். நான் மூத்தவரு கையைப் புடிச்சிருந்தேன், இதெல்லாம் கேட்டேன்னு தெரிஞ்சா மனுஷன் அவமானத்துலயே செத்துடுவாரு. அவரு சொல்ல வேண்டியது எதுவோ அத அவரே வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் நான் ஒண்ணும் கேக்கல. நீங்களும் ஒண்ணும் சொல்லாதீங்க."

நான் தலையை ஆட்டினேன். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். என்ன பொம்பளைடா இவள், பெற்ற பிள்ளை போன நேரத்தில் இன்னொருத்தர் மானத்தைப் பார்க்கிறாளே என்று நினைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மத்தியானம் இஸ்மனாலி சரியாகவே கண் விழித்தார். எல்லோரும் கேட்பதையே கேட்டார். "ஏதாவது உளறுனேனா?"

சூரகான் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு கால்மாட்டில் நின்றிருந்தாள். "தண்ணி கேட்டீங்க. வேற ஒண்ணும் இல்ல" என்றாள். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். நிம்மதியாக மூச்சு விட்டது தெரிந்தது.

புதன்கிழமை அவள் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஏழு மணிக்கே வந்து நின்றாள்.

"ஏன்டி வந்தே? ஒரு நாள் படுத்துக் கெடக்கறதுதானே?"

"மாடு கறந்தாச்சு. வீட்ல உக்காந்து என்ன பண்றது?"

அன்று பூராவும் என்னை விட்டு அகலவில்லை. மருந்து அறைக்குப் போனால் பின்னாலேயே வந்தாள். கை கழுவப் போனால் துண்டோடு நின்றாள். பத்து மணிக்கு ஒரு ஐந்து வயசுப் பெண் குழந்தைக்கு உடைந்த கையைச் சேர்த்துக் கட்டினோம். மயக்கம் தெளியும்போது அது "அம்மா, அம்மா" என்று தொண்டை கிழியக் கத்தியது. குழந்தைகள் அப்படிக் கத்துவது வழக்கம்தான், பெற்றவளே எதிரில் நின்றாலும் அடையாளம் தெரியாது. சூரகான் அதை அள்ளி மடியில் வைத்துக்கொண்டாள். சமாதானம் சொல்லவில்லை. அதோடு சேர்ந்து அழுதாள். சத்தமாக, உடம்பு குலுங்க அழுதாள். குழந்தையின் அம்மா உள்ளே வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஆயாம்மா எம் பொண்ணவிட நல்லா அழறாங்களே!" என்றாள். நானும் சிரிக்க வேண்டியிருந்தது.

சாயங்காலம் டீ குடிக்கும்போது அவள் திடீரென்று பழைய கதையை எடுத்தாள். கேட்டதை வெளியே விடாதவள், அன்று தானாக எடுத்தாள். இன்னொரு நர்ஸ் குழாயடியில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த மில்லு மேனேஜரு ஞாபகம் இருக்கா? பொண்டாட்டியக் கொன்னுட்டேன், கொன்னுட்டேன்னு தலையில அடிச்சுக்கிட்டாரே. வெளிய பாத்தா அவ சூப்பு வச்சுக்கிட்டு நிக்கறா."

"ஆமா, நல்லா ஞாபகம் இருக்கு."

"தபால் ஆபீஸ் அம்மா, வீடு பத்தி எரியுது, புள்ளைங்க உள்ள இருக்குன்னு சன்னல்ல ஏறுச்சே. ஒண்ணும் எரியல. என்னென்னவோ சொல்லுவாங்க இல்ல அக்கா? வாய்க்கு வந்தது. ஒண்ணுலயும் உண்மை இருக்காது."

"மருந்து பண்ற வேலைடி" என்று நான் சிரித்தேன். தட்டு கழுவுகிறவளுக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று எப்படி நடிக்கிறாள் பார் என்று நினைத்தேன். அவள் சிரிக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நான் ரொட்டியைப் பிய்த்து வாயில் அடைத்துக்கொண்டேன். பேசாதே என்று அவள் கேட்டுக்கொண்டாளே, வாக்குத் தவறக்கூடாதே!

"போன் நாளைக்கு வந்துடுமா?"

"வந்துடும்."

"சரி" என்றாள். டீக்கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வியாழக்கிழமை காலை இஸ்மனாலி யார் சொல்லியும் கேட்கவில்லை. "தையல் போட்டு ரெண்டு நாள்தான் ஆகுது, வழியிலேயே செத்துப்போவீங்க" என்று டாக்டர் சண்டை போட்டார். "சொல்லிட்டுச் சாகறேன்" என்றார் பெரியவர். பத்து வார்த்தையில் அது இரண்டு. ஆஸ்பத்திரி வண்டியில் படுக்கவைத்து நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் பெரியவர்கள் ஐந்து பேர் வெள்ளைத் தொப்பியோடு காத்திருந்தார்கள். கைத்தாங்கலாக அவரை உள்ளே நடத்தினோம். பெண்கள் பின்னாலேயே வந்தார்கள்.

சூரகான் அடுப்படியில் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பெரிய மூட்டை ஒன்று பாதி காலியாக நின்றது. எங்கள் ஊரில் காலை நேரத்தில் ஆறு தொப்பிகள் சேர்ந்து வாசலில் நுழைந்தால் என்ன அர்த்தம் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவள் நிமிர்ந்து பார்த்தாள். மறுபடியும் சல்லடையை ஆட்டினாள்.

"செத்த உக்காருங்க. இந்த மாவைச் சலிச்சு முடிச்சுட்டு வந்துடறேன்" என்றாள்.

யாரும் உட்காரவில்லை. சல்லடையில் மாவு தீர்ந்த பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தாள். ஒருத்தி மெதுவாகப் போய் அதை வாங்கிக் கீழே வைத்தாள். இஸ்மனாலி வழக்கப்படி சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தார், கயிறறுந்த குதிரை, கூடு திரும்பாத பறவை என்று. இரண்டு வாக்கியத்துக்குமேல் அவரால் போக முடியவில்லை. "சூரா" என்றார். "எலமான் இல்லம்மா."

அவள் போட்ட சத்தத்தை என்னால் எழுத முடியாது. தாங்க வந்த பெண்களை உதறித் தள்ளினாள். ஒருத்தி கையைக் கடித்துவிட்டாள். ஏற்கெனவே சேதி தெரிந்தவள்தானே, சபைக்காகச் செய்கிறாள் என்று நான் ஒரு நிமிஷம் நினைத்தேன். போதும் விடுடி என்று காதில் சொல்லக் கிட்டத்தில் போனேன். அவள் கண்ணைப் பார்த்தேன். என்னைத் தெரியவில்லை அவளுக்கு. தன் வீடு தெரியவில்லை. அப்படிப்பட்ட கண்ணை ஆயிரம் தடவை பார்த்தவள் நான். நடிப்பில்லை. அவளுக்கு அப்போதுதான் பிள்ளை செத்தான்.

பத்து மணிக்கு உடல் வந்தது. மத்தியானம் ஆண்கள் எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். அவள் கூடாரத்துக்குள் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியூர்க்காரர்கள் வந்து இறங்க இறங்க ஒப்பாரி வைத்து, தொண்டை கட்டிவிட்டது. கூட்டம் கொஞ்சம் குறைந்த நேரம் பார்த்து நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள்.

"மயக்கத்துல உளறுனாருன்னுதான் நெனச்சேன் அக்கா" என்றாள்.

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

"எத்தனை பேரு எத்தனை உளறியிருக்காங்க. இதுவும் அப்படித்தான்னு நெனச்சேன். ரெண்டு நாளா உங்க பின்னாடியே சுத்துனேன். 'அடி பைத்தியமே, அது மருந்து பேசறது, உம் புள்ள நல்லாத்தான் இருக்கான்'னு ஒரு திட்டு திட்டுவீங்கன்னு."

"நீதானேடி பேசாதீங்கன்னே?" வாயிலிருந்து வந்துவிட்டது. சொல்லியிருக்கக் கூடாது.

"சொன்னேன். நெசமா இருந்தா பேசாதீங்கன்னு சொன்னேன். பொய்யா இருந்தா நீங்க சும்மா இருப்பீங்களா? உங்களுக்குத்தான் வாய் அதிகமாச்சே." அவள் குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "புதன்கிழமை டீ குடிக்கறப்பக்கூடப் பாத்தேன். நீங்க ரொட்டிய எடுத்து வாயில வச்சுக்கிட்டீங்க. அப்புறம்தான் வீட்டுக்குப் போய், இன்னிக்கு வர்ற சனத்துக்குன்னு மாவு மூட்டைய எறக்குனேன்."

வெளியே யாரோ குதிரையிலிருந்து இறங்கி, உரக்க அழுதுகொண்டே கூடாரத்தை நோக்கி வந்தார்கள். அவள் தண்ணீர்க் கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு, வழக்கப்படி கூடாரத்தின் கம்பளிச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து மறுபடியும் ஒப்பாரியைத் தொடங்கினாள்.